பனி என்னும் சொல்லும் பனிப்பொழிவு என்னும் நிகழ்வும்: ஐதராபாத்துக் குளிர்காலத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழ் இலக்கண மரபு. ஒரு மொழியின் சொல்வளம் அம்மொழி வழங்கும் நிலத்தின் தட்பவெப்பத்தோடு பிணைந்து வளர்வது. தன் நிலத்தில் நிகழாத ஒன்றைப் பற்றிப் பேச நேரும்போது, ஒரு மொழி புதுச்சொல் படைப்பதும் உண்டு. தன்னிடம் முன்பே உள்ள சொல்லை நீட்டிப் பொருள்கொள்வதும் உண்டு. தமிழில் அவ்வாறு நீண்ட சொற்களுள் ஒன்று 'பனி' என்பதாகும்.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், ஐதராபாத்திற்கு மேற்கேயுள்ள விகாராபாத் மாவட்டத்தின் மர்பல்லிப் பகுதியில் கடும் ஆலங்கட்டி மழை பெய்தது. வயல்களும் சாலைகளும் சிறிது நேரம் வெண்போர்வை போர்த்தாற்போலக் காட்சியளித்தன. அக்காட்சிகள் காஷ்மீரத்தோடு ஒப்பிடப்பட்டு நாடெங்கும் பரவின. நிகழ்ந்தது ஆலங்கட்டி மழை, நினைவூட்டப்பட்டது பனிப்பொழிவு. இவ்விரண்டும் தோற்றத்தால் ஒத்தனவேயன்றிக் காரணத்தாலும் பருவத்தாலும் ஒத்தன அல்ல. கோடையின் வாயிலில் பெய்த ஒன்றைக் குளிர்காலத்து நிகழ்வாகக் காண்பதற்குக் கண்ணின் மயக்கம் மட்டுமன்றிச் சொல்லின் மயக்கமும் காரணமாகலாம்.

இம்மயக்கம் செய்தித்தாளோடு நிற்பதன்று. இலக்கியங்களையும் பழைய பதிவுகளையும் தட்பவெப்ப வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்ளும் முயற்சிகள் பெருகிவரும் இந்நாளில், 'பனி' என வரும் இடமெல்லாம் உறைந்து விழும் வெண்பனி எனப் பொருள் கொள்ளின், நிகழாத வரலாறு ஒன்று எழுதப்பட்டுவிடும். எனவே, தக்காணத்துக் குளிரின் இயல்பைப் பிற நிலப்பகுதிகளோடு ஒப்பிட்டு, பனி என்னும் சொல்லை எங்ஙனம் பொருள்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லின் பொருளெல்லை

பனி என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குவது. வினையாகுங்கால் 'பனித்தல்' என்பதற்கு நடுங்குதல் என்னும் பொருள் உண்டு. மலையாளத்தில் 'பனி' காய்ச்சலைக் குறிக்கிறது. குளிரால் உடல் நடுங்குதலும் காய்ச்சலால் உடல் நடுங்குதலும் ஒரு சொல்லின் இருவேறு கிளைகளாக நிற்பதை இதனால் உய்த்துணரலாம். எனவே, இச்சொல்லின் பொருட்பரப்பில் வானத்திலிருந்து விழும் பொருள் மட்டுமன்று, உடல் உணரும் நிலையும் அடங்கும் என்பது கருதத்தக்கது.

பெயர்ச்சொல்லாக வரும்போது புல்நுனியில் தங்கும் நீர்த்துளி, காலையில் ஊரை மறைக்கும் மூடுபனி, மலையில் உறைந்து படியும் உறைபனி, இமயத்தில் பொழியும் வெண்பனி ஆகிய நான்கும் பனியே. புறநானூற்றின் ஆறாம் பாடலில் காரிகிழார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் பரவும் எல்லைகளைக் கூறுமிடத்து, வடவெல்லையாகிய மலையைப் பனியோடு சேர்த்துச் சுட்டுகிறார். அங்குக் குறிக்கப்படுவது இமயத்தின் உறைபனி என்பதில் ஐயமில்லை. ஆனால் அகப்பாடல்களில் தலைவியின் வருத்தத்தை மிகுவிக்கும் பனி, பூவிலும் புல்லிலும் படியும் நீர்த்துளியாகும். ஒரே தொகைநூல் மரபிற்குள் ஒரே சொல் இருவேறு பொருளை உணர்த்துகிறது. எப்பொருள் என்பதை இடமே உணர்த்துகிறது.

ஆலங்கட்டிக்குத் தமிழில் தொன்றுதொட்டுத் தனிச்சொல் உண்டு. சங்கப் பாடல்களில் 'ஆலி' என வழங்கிய அச்சொல்லே இன்று 'ஆலங்கட்டி' என்பதில் தொடர்கிறது. தமிழ்நிலத்தில் உண்மையில் நிகழ்வதாலேயே அதற்குத் தனிப்பெயர் அமைந்தது எனலாம். வானிலிருந்து மென்துகளாய் இறங்கும் வெண்பனிக்கு அத்தகைய தனிச்சொல் பண்டைத் தமிழில் வேரூன்றாமையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

இக்கால வழக்கில் 'பனிப்பொழிவு' என்னும் தொடர் மேலும் ஒரு சிக்கலை உண்டாக்கியுள்ளது. சென்னையிலோ வேலூரிலோ மார்கழிக் காலையில் மூடுபனி அடர்ந்தால், அதனையும் 'கடும் பனிப்பொழிவு' என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. சிம்லாவில் வீட்டுக்கூரை புதையுமளவு விழுவதற்கும் இதே தொடர்தான். நீலகிரி மக்களிடம் வழங்கும் பாகுபாடு இதனினும் நுட்பமானது. பருவத் தொடக்கத்தில் விழுவதை 'நீர்ப்பனி' என்றும், பின்னர்ப் புல்வெளி வெளுக்கப் படிவதை 'உறைபனி' என்றும் அவர்கள் பிரித்துக் கூறுகின்றனர். தேயிலையும் மலைக்காய்கறியும் கருகுவது உறைபனியால் ஆதலின், அவ்வேறுபாடு அவர்தம் பிழைப்போடு தொடர்புடையது.

பருவப் பெயர்களும் மும்மொழிச் சூழலும்

தமிழ் மரபு ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பனிப்பருவத்தை 'அற்சிரம்' என்னும் சொல்லாலும் சங்கப் புலவர் குறித்தனர். குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியும், பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியனவாயின. கடும்வெயிலுக்குரிய பாலைக்குப் பின்பனியும் பொருந்துமெனில், அப்பனி நீரை உறையச் செய்யும் வெண்பனி ஆகாது என்பது வெளிப்படை. பகலில் வெயிலும் இரவில் பனியுமாக அமைந்த வறண்ட நிலத்துப் பருவமே அங்குக் கருதப்பட்டது எனலாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும் ஊர்வழக்கும் இத்தகைய பனியையே பேசுகிறது.

இதே இரு பருவங்களைத் தெலுங்குப் பஞ்சாங்கம் ஹேமந்தம், சிசிரம் என வடமொழிப் பெயர்களால் வழங்குகிறது. ஹேமந்தம் என்பது உறைபனியைக் குறிக்கும் 'ஹிமம்' என்பதோடு உறவுடைய சொல். இமயம் என்னும் பெயரும் அதனோடு தொடர்புடையதே. வெண்பனி பொழியாத தக்காணம், வெண்பனியோடு தொடர்புடைய பருவப்பெயரை ஏற்றுக்கொண்டது. தமிழோ தன் நிலத்துப் பனித்துளியையே பருவப்பெயராக நிறுத்திக்கொண்டது.

ஐதராபாத்தில் இவ்வொப்பீடு நூலளவில் நில்லாமல் தெருவிலேயே நிகழ்கிறது. தெலுங்கில் 'மஞ்சு' என்பது பனித்துளி, மூடுபனி, வெண்பனி ஆகியவற்றுக்குப் பொதுவானது. மூடுபனியைத் தெளிவாகக் கூறவேண்டின் 'பொகமஞ்சு' என்பர். இதே 'மஞ்சு' தமிழில் மேகத்தையும் மலைமுகட்டு மூடுபனியையும் குறிக்கும். உருதுவில் 'பர்ஃப்' என்பது வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் பொதுவாயினும், பனித்துளிக்கு 'ஷப்னம்' எனத் தனிச்சொல் உண்டு. வெண்பனி கண்ட பாரசீகப் பின்புலத்திலிருந்து வந்த சொற்களில் இப்பிரிவு இயல்பாக அமைந்துள்ளது. 1806இல் உருவான செகந்திராபாத் படைவீட்டை ஒட்டி, சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்து குடியேறிய தமிழர் வழியினர் இம்மூன்று மொழிகளுக்கிடையே வாழ்பவர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே சொல்லுக்குள் அடக்குவதை உருது இரண்டாகப் பிரிப்பதை அவர்கள் நாள்தோறும் கேட்கின்றனர்.

ஐதராபாத்துக் குளிரின் அளவும் காரணமும்

ஐதராபாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், 17.4 பாகை வட அட்சரேகையில் அமைந்த பீடபூமி நகரம். இந்நகரின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை 1946 சனவரி 8ஆம் நாள் பதிவான 6.1 டிகிரி செல்சியஸ் ஆகும். கடலோரச் சென்னையின் மிகக் குறைந்த அளவு 1895 டிசம்பர் 11இலும் 1905 சனவரி 29இலும் பதிவான 13.9 டிகிரி. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 7.8 டிகிரி. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் தோராயமாக 6.5 டிகிரி குறையும் என்னும் பொதுக்கணக்கின்படி, உயரத்தால் மட்டும் விளையும் வேறுபாடு மூன்றரை டிகிரியே. எஞ்சியது கடலின் அண்மையாலும் சேய்மையாலும் அட்சரேகையாலும் அமைந்தது எனலாம். கடல் தன் வெப்பத்தைச் சென்னைக்கு இரவிலும் ஈந்து காக்கிறது. தக்காணத்து வறண்ட தரையோ பகலில் பெற்றதை இரவில் வானுக்கு இழந்துவிடுகிறது.

இவ்விழப்பே தென்னாட்டுக் குளிரின் அடிப்படை. மேகம் இல்லாத, காற்று அசையாத, ஈரம் குறைந்த இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. மேகம் வந்தால் அது போர்வையாய் நின்று வெப்பத்தைத் தடுத்துவிடும், குளிர் தணியும். ஆகவே, ஐதராபாத்தில் கடுங்குளிர் உண்டாக வேண்டின் வானம் தெளிந்திருக்க வேண்டும். வெண்பனி பொழிய வேண்டின் வானத்தில் மேகம் இருக்க வேண்டும். குளிரும் மேகமும் இங்கு ஒன்றையொன்று விலக்குவன. குளிர்ந்தும் வெண்பனி காணாமைக்கு இது முதற்காரணம்.

இதனை அக்காலத்தவர் தொழிலாகவே அறிந்திருந்தனர். அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையை 1775இல் இராபர்ட் பார்க்கர் என்பவர் எழுதி இலண்டன் இராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். ஆழமற்ற குழிகளில் தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெருகிடாத மண்தட்டுகளில் நீரை வைத்தால், குளிர்கால இரவில் அந்நீர் உறையும். சூழ்ந்துள்ள காற்று உறைநிலைக்குச் செல்லாதபோதும் தெளிந்த வானத்தின்கீழ்த் தட்டிலுள்ள நீர் உறைதல் கூடும். பனிக்கட்டி கிடைத்தது, பனிப்பொழிவு நிகழவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு இது தக்க சான்றாகும்.

ஐதராபாத்தின் மேல்வானில் உறைநிலை தொடங்கும் உயரம் குளிர்காலத்திலும் நான்கு கிலோமீட்டருக்கு மேல். உயர்ந்த மேகங்களில் பனித்துகள்கள் உருவாகின்றன. ஆயினும் இறங்கும் வழியில் உருகி மழையாகவே தரையைச் சேர்கின்றன. ஆலங்கட்டி இவ்வழியில் தப்பிப் பிழைப்பது. தரை சூடேறும் மார்ச்சு முதல் மே வரையிலான திங்கள்களில் வலிய மேலெழு காற்று நீர்த்துளிகளை உறைநிலைக்கு மேலே தூக்கிச் செல்கிறது. அவை மீண்டும் மீண்டும் நீர் படிந்து உறைந்து பருத்து, உருகி முடிவதற்குள் தரையில் வீழ்கின்றன. மர்பல்லியில் கண்ட வெண்மை வெப்பத்தின் விளைவேயன்றிக் குளிரின் விளைவன்று. உழவர்க்கு நேர்ந்த இழப்பும் இதனால்தான் வேறுபட்டது: வெண்பனி மென்மையாய் மூடும், ஆலங்கட்டி கதிரையும் காயையும் அடித்து வீழ்த்தும்.

இலக்கியக் குளிரையும் இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஆயர் தீயில் கைகாய்ச்சி நடுங்குவதும் விலங்கும் பறவையும் துன்புறுவதும் கூறப்படுகின்றன. ஆனால் அக்குளிர் மழையோடு கூடியது. வாடை வடக்கிலிருந்து வீசும் காற்று. தரைவழியே தக்காணத்தை அடையும் வடகாற்று வறண்டது. வங்கக்கடலைக் கடந்து தமிழகத்தை அடையும்போது அதுவே ஈரம் சுமந்தது. திசையால் ஒத்த காற்று ஐதராபாத்தில் தெளிந்த வானத்தையும் தமிழகத்தில் கூதிர்மழையையும் தருகிறது. எனவே 'குளிர்' என்னும் ஒரே உணர்வும் இரு நிலங்களில் இருவேறு வானிலையைக் குறிப்பதாகும்.

பிற நிலப்பகுதிகளோடு ஒப்பீடு

உயரம், அட்சரேகை, காற்றின் வழி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒப்பிட்டால் தென்னாட்டின் நிலை மேலும் தெளிவாகும்.

முதலாவது, ஒத்த உயரமும் வேறு அட்சரேகையும். உதகமண்டலமும் சிம்லாவும் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளன. சிம்லாவில் ஆண்டுதோறும் வெண்பனி பொழிகிறது. உதகையில் உறைபனி மட்டுமே. சிம்லா 31 பாகை அட்சரேகைக்கு அருகில் உள்ளது. நடுநிலக்கடற் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றமைப்புகள் அங்குக் குளிரோடு மேகத்தையும் சேர்த்துக் கொணர்கின்றன. உதகை 11 பாகைக்குச் சற்றே வடக்கில் உள்ளது. அங்கு வெப்பநிலை உறைநிலையைத் தொடும் இரவுகள் வானம் தெளிந்த இரவுகளே. உதகையின் வெண்மை வானிலிருந்து விழுந்ததன்று. தரையை ஒட்டிய ஈரம் புல்லின்மேல் நேரே உறைந்தது. இலங்கையில் 1,850 மீட்டருக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலும் சனவரி, பிப்பிரவரித் திங்கள்களில் இதுவே நிகழ்கிறது. மலையகத் தமிழர் கொழுந்து பறிக்கும் அந்நிலமும் உறைபனி நிலமே.

இரண்டாவது, ஒத்த அட்சரேகையும் வேறு உயரமும். தெலங்கானாவின் குளிர்மிக்க பகுதியாகிய ஆதிலாபாத் 19.7 பாகை வட அட்சரேகையில், 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவின் மௌனா கியா மலை ஏறத்தாழ இதே அட்சரேகையில் அமைந்தது. அதன் உயரம் 4,200 மீட்டருக்கு மேல். அம்மலைமுடியில் குளிர்காலத்தில் வெண்பனி பொழிதல் வழக்கமே. ஆகவே, வெப்பமண்டலத்தில் வெண்பனி பொழியாது என்பது பொதுவிதி ஆகாது. போதிய உயரம் இருப்பின் பொழியும்.

மூன்றாவது, ஒத்த அட்சரேகையும் ஒத்த உயரமும், ஆயின் வேறு காற்றுவழி. கொல்கத்தாவும் தென்சீனத்துக் குவாங்சோவும் கடல்மட்டத்தை ஒட்டி, முறையே 22.5, 23.1 பாகை அட்சரேகைகளில் உள்ளன. 2016 சனவரி 24ஆம் நாள் கிழக்காசியாவைத் தாக்கிய குளிரலையில் குவாங்சோவில் பனித்துகள்கள் விழுந்தன; அதே குளிரலையில் வியட்நாமின் சா பா மலைநகரும் வெண்பனி கண்டது. ஆங்காங்கில் 1893 சனவரி 18ஆம் நாள் வெப்பநிலை 0.0 டிகிரிக்கு இறங்கியது. கொல்கத்தாவில் வெண்பனி பதிவு இல்லை. சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று சீனநிலத்தில் தெற்கு நோக்கிப் பெருந்தடையின்றிச் செல்கிறது; இந்தியாவின் வடக்கிலோ இமயம் நிற்கிறது. வெண்பனியின் உறைவிடம் என நாம் போற்றும் அம்மலையே வெண்பனி தெற்கே வாராமல் காக்கும் அரணும் ஆகிறது. இவ்வுண்மை ஐதராபாத்துக் குளிரைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது.

வறண்ட நிலத்திலும் அரிதாக வெண்பனி விழக்கூடும் என்பதற்கு அல்ஜீரியாவின் ஐன் செஃப்ரா சான்று. சகாராவின் விளிம்பில் அமைந்த அவ்வூரில் 1979 பிப்பிரவரி 18இலும், பின்னர் 2016 முதற்கொண்டு சில குளிர்காலங்களிலும் மணல்மேடுகள் வெண்மையாயின. எனினும் அவ்வூர் ஆயிரம் மீட்டர் உயரத்தில், 32 பாகைக்கு மேற்பட்ட அட்சரேகையில், ஐரோப்பியக் குளிர்காற்று எட்டும் தொலைவில் உள்ளது. பாலைவனத்திலேயே விழுந்த வெண்பனி தக்காணத்தில் ஏன் விழாது என்னும் வினாவிற்கு இவ்வேறுபாடுகளே விடையாகும்.

சென்னையில் வெண்பனி: ஒரு செய்தியின் நம்பகத்தன்மை

மேற்கண்ட அளவுகோல்களைக் கொண்டு சோதிக்க வேண்டிய செய்தி ஒன்று தமிழகத்தைப் பற்றியே வழங்கிவருகிறது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 10ஆம் நாள் பெருவெடிப்புக்கு உள்ளானது. அதனை அடுத்து அம்மாத இறுதியில் சென்னையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்றது என்றும், வெண்பனியும் விழுந்தது என்றும் அண்மைக்காலக் கட்டுரைகளும் இணையப் பதிவுகளும் கூறுகின்றன.

எரிமலை வெடிப்பு உலகத் தட்பவெப்பத்தை மாற்றியது என்பது உறுதிப்பட்ட உண்மை. வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்த கந்தகத் துகள்கள் உலகெங்கும் பரவிக் கதிரவன் ஒளியைக் குறைத்தன. 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும் 'கோடையற்ற ஆண்டு' எனப் பெயர்பெற்றது. அவ்வாண்டு சூன் திங்களில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வெண்பனி பொழிந்தது. ஆயின் அவ்விளைவு தெளிவாக வெளிப்பட ஓராண்டு சென்றது என்பதும், சராசரிக் குறைவு ஒரு டிகிரிக்கு உட்பட்டதே என்பதும் மறத்தற்குரியன அல்ல.

சென்னையின் ஏப்ரல் வேறுவகைப்பட்டது. அப்போது வங்கக்கடலின் மேற்பரப்பு நீர் 28 டிகிரியை ஒட்டிய வெப்பமுடையது. கடலும் கரையும் சில நாள்களில் முப்பது டிகிரி குளிர்வதற்குரிய வழி எதுவும் அறியப்படவில்லை. அறியப்பட்ட மிகக் கடுங்குளிரே 13.9 டிகிரியாக இருக்க, அது கண்ட திங்கள்களும் டிசம்பர், சனவரியாக இருக்க, கத்திரிவெயிலை நெருங்கும் நாள்களில் உறைநிலை என்பது ஏற்புடைத்தன்று. 1792இல் கட்டிமுடிக்கப்பட்ட வானாய்வு நிலையம் இருந்த நகரம் சென்னை. ஆகவே, அந்நிலையத்தின் அன்றைய மூலப்பதிவு காட்டப்பட்டு, கருவியின் அளவுமுறையும் நோக்கப்பட்டாலன்றி இச்செய்தியை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுதுவதால் சான்றுகளின் எண்ணிக்கை பெருகுவதில்லை.

சென்னை உண்மையிலேயே கண்ட பனிக்கட்டி கப்பலில் வந்தது. பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் அமெரிக்காவின் மாசசூசெட்சு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை 1833இல் கொல்கத்தாவிற்கு அனுப்பினார்; சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கெனக் கிடங்கு எழுந்தது. 'ஐஸ் அவுஸ்' என இன்றும் மக்கள் நாவில் வழங்கும் அக்கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லமாக உள்ளது. இல்லாத வெண்பனிக்கு ஒரு கதையும் இருந்த பனிக்கட்டிக்கு ஒரு கட்டடமும் ஆக இரண்டு நினைவுகள் ஒரே நகரில் உள்ளன. வரலாற்றாய்வாளர் இவற்றை வேறுபடுத்தியே காணவேண்டும்.

பருவம் தவறிய பனியும் பஞ்சமும்

வெண்பனி நிலங்களில் பருவம் தவறிய பனி பஞ்சத்திற்குக் காரணமானதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கல்ஹணர் இயற்றிய இராசதரங்கிணி, துஞ்சீனன் என்னும் அரசன் காலத்தில் பாத்ரபத மாதத்திலேயே பெரும்பனி விழுந்து விளைந்த நெல்லை அழித்ததையும் அதனால் காஷ்மீரத்தில் பஞ்சம் நேர்ந்ததையும் பதிவுசெய்கிறது. அங்குக் குளிரின் உச்சமாகிய நாற்பது நாள்கள் டிசம்பர் 21 முதல் 'சில்லை கலான்' எனப் பெயரிட்டு எண்ணப்படுகின்றன. அதனைத் தொடர்ந்து இருபது நாள்களும் பத்து நாள்களும் கொண்ட சிறுபருவங்கள் உண்டு. பனிக்கு நாட்கணக்கு வகுத்த மக்களுக்குப் பருவம் தவறிய பனி எத்தகைய பேரிடர் என்பது விளங்கும்.

தக்காணத்தில் பஞ்சம் மழையின்மையால் வந்தது. ஆயினும் அங்கும் இமயத்துப் பனிக்குத் தொடர்பு உண்டு எனக் கருதியவர் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகிய எச். எஃப். பிளான்போர்டு. தென்னாட்டை வாட்டிய 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்திற்குப்பின், இமயத்தில் பனி மிகும் ஆண்டுகளில் பருவமழை நலியும் என்னும் கருத்தை அவர் 1884இல் வெளியிட்டார். பருவமழையை முன்னறியும் முயற்சிகளின் தொடக்கம் அது. அவர் கண்ட உறவு எல்லாக் காலத்தும் ஒரே சீராக நில்லாது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும், தக்காணத்தில் ஒரு துகளும் விழாத வெண்பனி அதன் உழவோடு தொடர்புடையதாகலாம் என்னும் எண்ணம் அன்று பிறந்தது.

அளவுகோலும் வாழ்வும்

வெண்பனி இல்லாமையால் ஐதராபாத்துக் குளிர் எளியதாகிவிடாது. இந்திய வானிலைத் துறை குளிரலையை நிலத்திற்கேற்ப வரையறுக்கிறது. சமவெளியில் குறைந்த வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ, மலைப்பகுதியில் 0 டிகிரியோ அதற்குக் கீழோ, கடலோரத்தில் 15 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்து, இயல்பிலிருந்து 4.5 டிகிரியேனும் குறைந்திருப்பின் குளிரலையாகக் கருதப்படும். ஓரிடத்தில் இதமெனத் தோன்றும் அளவு மற்றோரிடத்தில் இடராகும் என்னும் உண்மை இவ்வரையறையில் ஏற்கப்பட்டுள்ளது. கம்பளியும் கணப்பும் இல்லாத வீட்டிலும், வீடே இல்லாமல் நடைபாதையிலும் உறங்குவோர்க்கு எட்டு டிகிரி என்பது உயிரிடர். வெண்பனி காணும் நகரங்கள் குளிருக்கென்றே கட்டப்பட்டவை. தக்காணத்து நகரங்கள் வெயிலுக்கென்று கட்டப்பட்டவை.

எனவே சொற்குழப்பத்தால் நேரும் தீங்கு புலமைத்துறையோடு முடிவதன்று. 'பனிப்பொழிவு' என எச்சரித்தால் உழவர் பயிரை மூடவேண்டுமா, ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவேண்டுமா, முதியோர் வீட்டுள் இருக்கவேண்டுமா என்பது விளங்குவதில்லை. உறைபனியும் மூடுபனியும் குளிரலையும் வெவ்வேறு காப்பை வேண்டுவன.

புலம்பெயர் தமிழரின் பனி

1983க்குப்பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் கனடாவிலும் நார்வேயிலும் பிற நாடுகளிலும் வெண்பனியோடு வாழலாயினர். தமிழ் தன் வரலாற்றில் முதன்முறையாக வெண்பனி நிலத்தில் அன்றாட வழக்குமொழி ஆயிற்று எனலாம். எஸ்.பொ.வும் இந்திரனும் 1994இல் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதிக்குப் 'பனியும் பனையும்' எனப் பெயரிட்டனர். அப்பெயரில் பனை தாயகத்தையும் பனி வாழ்நிலத்தையும் குறிக்கின்றன. பனி சார்ந்த நிலத்தை ஆறாம் திணையாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்தும் அவ்விலக்கியம் பற்றிய உரையாடலில் எழுந்தது. முன்பனி, பின்பனி என்னும் சொற்களில் இருந்த பனித்துளி, அங்குக் கதவை மறிக்கும் குவியலாக மாறியது. சொல் பழையது, பொருள் புதியது. வருங்காலத்தில் இவ்விருவகை நூல்களையும் ஒருங்கே படிப்போர்க்கு அகராதிகள் இவ்வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும்.

முடிவுரை

தக்காணத்துக் குளிர் தெளிந்த வானத்தால் உண்டாவது. வெண்பனி குளிர்ந்த மேகத்தால் உண்டாவது. ஆலங்கட்டி கோடையின் மேலெழு காற்றால் உண்டாவது. மூன்றும் வெண்மையாய்த் தோன்றலாம்; மூன்றையும் 'பனி' என்னும் ஒரு சொல் மூடிவிடலாம். ஆதலின் இலக்கியத்திலோ ஆவணத்திலோ செய்தியிலோ பனி பற்றிய குறிப்பைக் காணும் ஆய்வாளர், அவ்விடத்தின் உயரம், நிகழ்ந்த திங்கள், வானத்தின் நிலை, அளந்த கருவி ஆகிய நான்கையும் வினவிய பின்னரே பொருள்கொள்ள வேண்டும்.

பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, ஆலங்கட்டி என்னும் ஐந்து சொற்களும் தமிழில் முன்பே உள்ளன. புதிதாக எதனையும் படைக்க வேண்டியதில்லை. இருப்பனவற்றை உரிய இடத்தில் வழங்கினால் போதும். நீலகிரியின் மலையுழவர் நீர்ப்பனியையும் உறைபனியையும் பிரித்தறிந்து பேசுகின்றனர். அத்தெளிவு பாடநூலிலும் அகராதியிலும் மொழிபெயர்ப்பிலும் இடம்பெறின், மர்பல்லியின் வெண்ணிற வயல் காஷ்மீரமாகத் தோன்றாது. ஆலங்கட்டியால் பயிரிழந்த உழவரின் நிலமாகவே தோன்றும்.